திசை மாறி ஓடும் ரத்தம்

பிறந்து இரண்டு மாதம்வரை நன்றாக இருந்த குழந்தை, பால் குடிக்கும்போது வீறிட்டு அழுகிறது. நெற்றி வியர்க்கிறது, முகம் வெளுக்கிறது, மூச்சு இரைக்கிறது. வயிற்றுவலி என்று கிரைப் வாட்டர் கொடுப்பார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று உரம் எடுப்பார்கள். பெரும்பாலும் அது சாதாரண வயிற்று உபாதைதான். மிக அரிதாக, சுமார் 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு, கோளாறு இதயத்தில் இருக்கும். படியேறும் பெரியவருக்கு நெஞ்சு வலிப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: உழைக்கும் இதயத் தசைக்குப் போதிய ரத்தம் இல்லை. அந்த வயதில் பால் குடிப்பதுதான் குழந்தைக்குப் பெரிய உழைப்பு.

இதயத் தசைக்கு ரத்தம் தரும் இரண்டு கரோனரி தமனிகளும் மகாதமனியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். இக்குழந்தைகளுக்கு இடது கரோனரி மட்டும் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருக்கும். மருத்துவர்கள் சுருக்கமாக ‘அல்காபா’ என்பார்கள். 1933இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் ஆகிய மூவர் ஒரு கைக்குழந்தையிடம் இதை விரிவாக விவரித்ததால், அவர்கள் பெயராலும் இந்நோய் வழங்குகிறது.

கருவில் இருக்கும்வரை இதனால் தொல்லையில்லை. அப்போது மகாதமனி, நுரையீரல் தமனி இரண்டிலும் ரத்த அழுத்தம் ஏறக்குறைய சமம். பிறந்து நுரையீரல் விரிந்தபின், சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. வலது கரோனரியிலிருந்து நுண்ணிய கிளைகள் வழியே இடப்பக்கம் வந்துசேரும் நல்ல ரத்தம்கூடத் தசைக்குள் நுழைவதில்லை. கரை உடைந்த வாய்க்கால் நீர் வயலை விட்டுப் பள்ளத்துக்கு ஓடுவதுபோல, அழுத்தம் குறைந்த நுரையீரல் தமனிக்குள் பின்னோக்கி வடிந்துவிடுகிறது. இடது கீழறை பட்டினி கிடந்து, வீங்கி, வலுவிழக்கிறது. மைட்ரல் வால்வைத் தாங்கும் தசையும் பழுதடைவதால் வால்வு கசிகிறது. சிகிச்சை இல்லையெனில், பத்தில் ஒன்பது குழந்தைகள்வரை முதல் பிறந்தநாளுக்குள் இறந்துவிடுகின்றன.

இந்தப் பின்னோட்டத்தை 1885லேயே டப்ளினைச் சேர்ந்த உடற்கூறியலாளர் புரூக்ஸ், சடலங்களில் புடைத்து வளைந்த நாளங்களைப் பார்த்து ஊகித்திருந்தார். ஆனாலும் 1950களில்கூடச் சில அறுவை நிபுணர்கள், நுரையீரல் தமனியின் அழுத்தத்தையோ ஆக்சிஜனையோ கூட்டினால் போதும் என்று முயன்றார்கள். பலன் கிட்டவில்லை. ரத்தம் எத்திசையில் ஓடுகிறது என்பதைப் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டேவிட் சபிஸ்டன் குழு அறுவை மேசையிலேயே சோதித்தது. பிறழ்ந்த தமனியை அதன் தொடக்கத்தில் அழுத்திப் பிடித்தபோது, உள்ளே அழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறியது. அங்கே எடுத்த ரத்தமும் ஆக்சிஜன் நிறைந்திருந்தது. 1960இல் இதை வெளியிட்டவர்களில், பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம்பாரித்த குழந்தைகளுக்கான சிகிச்சையால் புகழ்பெற்ற ஹெலன் டாசிக்கும் ஒருவர். இதயத்துக்குப் போகும் தமனியைக் கட்டிப்போடுவதே வைத்தியம் என்ற விநோதமான முடிவுக்கு இப்படித்தான் வந்தார்கள்.

கட்டியதும் வடிகால் அடைபட்டது. ஆனால் முழு இதயமும் ஒரே கரோனரியை நம்பியிருக்க நேர்ந்தது. தப்பிப் பிழைத்தவர்களுக்கும் திடீர் மரண ஆபத்து தொடர்ந்தது. இரு கரோனரிகளும் மகாதமனியிலிருந்தே ரத்தம் பெறவேண்டும் என்பது அடுத்த இலக்கானது. பிறழ்ந்த தமனியை நேரடியாக மகாதமனியில் பொருத்தும் முறை 1974இல் வெளியானது. தமனி எட்டாதவர்களுக்கு, நுரையீரல் தமனிக்குள்ளேயே சுரங்கம் அமைத்து ரத்தம் கொண்டுவரும் வழியை 1979இல் ஜப்பானின் டேக்கூச்சி தந்தார்.

இன்று பெரும்பாலும் செய்வது நேரடிப் பொருத்தல். இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓடவிட்டதும் நுரையீரல் தமனியின் கிளைகளை இறுக்கிவிடுவார்கள். இல்லையெனில் இயந்திரம் தரும் ரத்தமும் அதே வழியில் வடிந்துவிடும். இதயத்தை நிறுத்தும் மருந்தையும் மகாதமனி, நுரையீரல் தமனி இரண்டிலும் செலுத்தவேண்டும். பிறகு கரோனரியின் வாயைச் சுற்றியுள்ள சுவரோடு சேர்த்து, சிறு பொத்தான்போல் வெட்டியெடுத்து, மகாதமனியில் துளையிட்டுத் தலைமுடி அளவு மெல்லிய இழையால் தைக்கிறார்கள். நாளம் முறுக்கிக்கொண்டாலோ இழுபட்டாலோ எல்லாம் வீண். நுரையீரல் தமனியில் விழுந்த ஓட்டையை இதய உறையின் துண்டால் மூடுகிறார்கள். இதயம் உடனே சுமை தாங்காவிட்டால், இதய-நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவி சில நாட்கள் துணைநிற்கும்.

பட்டினி கிடந்த தசையில் ஒரு பகுதி செத்திருந்தாலும், பெரும்பகுதி வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. ரத்தம் கிடைத்ததும், சில மாதங்களில் பெரும்பாலான குழந்தைகளின் இதயம் சுருங்கி வலுப்பெறுகிறது. வால்வுக் கசிவும் பலருக்குத் தானே குறைவதால், அதை முதல் அறுவையில் தொடாமல் விடும் நிபுணர்கள் உண்டு. தைத்த இடம் பின்னாளில் குறுகலாம் என்பதால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு தேவை.

கைக்குழந்தையின் இதயம் வீங்கியிருந்தால், ‘தசைநோய்’ என்று எழுதி மருந்தோடு அனுப்பிவிடும் அபாயம் இருக்கிறது. இசிஜியில் குறிப்பிட்ட இடங்களில் ஆழமான கியூ அலைகள் தெரிந்தால், எக்கோவில் இடது கரோனரி எங்கிருந்து கிளம்புகிறது, அதில் ரத்தம் எத்திசையில் ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். தசைநோய்க்கு மருந்துகளையும், முற்றினால் மாற்று இதயத்தையும் நம்பியிருக்க வேண்டும். அல்காபாவை அறுவையால் சரிசெய்துவிடலாம்.