ஊசி போட்ட பிள்ளைக்கும் சின்னம்மையா?

பள்ளிச் சட்டையைக் கழற்றினால் வயிற்றிலும் முதுகிலும் பத்துப் பதினைந்து சிவப்புத் தடிப்புகள். காய்ச்சல் இல்லை. பிள்ளை வழக்கம்போல் ஓடியாடுகிறது. சுங்கை பட்டாணி வீடமைப்பிலும் சரி, பீடோங் பக்கத்துத் தோட்டத்திலும் சரி, இதைக் கொசுக்கடி, வேர்க்குரு என்றுதான் முதலில் நினைப்போம். சின்னம்மைக்கு ஊசி போட்டாகிவிட்டதே என்ற தைரியம் வேறு. மறுநாள் பிள்ளை பள்ளிக்குப் போகும். கிருமியும் கூடவே போகும்.

ஊசி வீணா?

இல்லை. ஒரு தவணை ஊசி, சின்னம்மை வராமல் ஏறக்குறைய 80 விழுக்காடு காக்கிறது. கடுமையான நோயை அநேகமாக முழுதும் தடுக்கிறது. இரண்டு தவணை போட்டால் பாதுகாப்பு 90 விழுக்காட்டைத் தாண்டும். அமெரிக்காவில் 1995-இல் ஒரு தவணையாகத் தொடங்கினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஊசி போட்ட பள்ளிகளிலும் நோய் பரவியதால், 2006-இல் இரண்டாவது தவணையையும் பரிந்துரைத்தார்கள்.

அடையாளங்கள்

ஊசி போடாத பிள்ளைக்குக் காய்ச்சலோடு நூற்றுக்கணக்கான நீர்க்கொப்புளங்கள் எழும்பும். ஊசி போட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் 50-க்கும் குறைவு. பல தடிப்புகள் நீர் கோக்காமலே அடங்கிவிடும். ஆனால் ஒரு தவணை மட்டும் போட்டு, பிறகு நோய் கண்டவர்களில் நால்வரில் ஒருவருக்கு வழக்கமான சின்னம்மையே வரலாம். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் என்று புண் வந்தால் அது கை, கால், வாய்ப்புண் நோயாக இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

எத்தனை நாள் வீட்டில்?

தடிப்பு தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே நோய் தொற்றும். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பள்ளியும் பாலர் பள்ளியும் வேண்டாம். நீர் கோக்காத தடிப்பென்றால், 24 மணி நேரத்துக்குப் புதிதாக எதுவும் எழும்பாமல் இருக்க வேண்டும். சின்னம்மை கண்டிராத, ஊசியும் போடாத கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் பக்கத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

வேப்பிலையும் மருந்தும்

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியார் வராமல் பார்த்துக்கொள்வதும் நம் வழக்கம். தனிமைப்படுத்துவது நல்லதுதான். அதற்காக டாக்டரிடம் போகாமல் இருக்க வேண்டாம். பிள்ளையை மிதமான நீரில் குளிப்பாட்டலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் போதும்; ஆஸ்பிரின் கூடவே கூடாது, அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்துண்டு. மூச்சு வாங்கினாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், பிள்ளை சோர்ந்து மயங்கினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள்

அரசாங்க கிளினிக்கில் 9, 12 மாதங்களில் இலவசமாகப் போடும் ஊசி தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கானது. அது சின்னம்மையைத் தடுக்காது. மலேசியாவின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் சின்னம்மை ஊசி இல்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டும். செலவை நினைத்து இரண்டாவது தவணையை விட்டுவிடுவதும் உண்டு. முதல் தவணை ஒரு வயதுக்குப் பிறகு. இரண்டாவது, பொதுவாக 4 முதல் 6 வயதுக்குள். விட்டுப்போயிருந்தால் இப்போதும் போடலாம். பிள்ளையின் புத்தகத்தை இன்றே எடுத்து, எத்தனை தவணை பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.