வழியிலேயே வேறாகிவிடும் புகை

2023 ஜூன் கடைசி வாரம். அமெரிக்காவின் பெரிய ஏரிகளை ஒட்டிய ஊர்களில் பலர், அக்கம்பக்கத்தில் யாரோ பிளாஸ்டிக்கைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தார்கள். பக்கத்தில் எதுவும் எரியவில்லை. எரிந்தது கனடாவின் காடு, பல நூறு கிலோமீட்டர் வடக்கே. மரம் எரிந்த புகையில் மர வாசனை எங்கே போயிற்று?

விறகடுப்பின் முன் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் சூட்டில் உடையும்போது பிறக்கும் குவயகால் போன்ற ஃபீனால் சேர்மங்களின் வாசனை அது. அவற்றுக்கு ஆயுள் குறைவு. வெயில் பட்ட காற்றில் ஹைட்ராக்சில் என்று ஒரு துடிப்பான மூலக்கூற்றுத் துண்டு உருவாகிறது. கிடைத்ததையெல்லாம் பிய்த்துப்போடும் அது, இந்தச் சேர்மங்களைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிடும். எளிதில் அழியாத பென்சீனும், வழியெல்லாம் புதிதாக உண்டாகும் ஃபார்மால்டிஹைடும் ஊர் வந்து சேரும்.

புகை தூரம் போகப் போக, தண்ணீர் ஊற்றிய மோர்போல நீர்த்துப்போகும், அவ்வளவுதான் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை என்று காட்டியவை, புகைக்குள்ளேயே பறந்த விமானங்கள். 2018-இல் ஒரு சி-130, 2019-இல் நாசாவின் டிசி-8. இரண்டும் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரிலிருந்து கிளம்பி, ஒரே புகைத்தாரையைத் தீக்கு அருகிலும் பிறகு தள்ளித் தள்ளியும் குறுக்காக வெட்டிக் கடந்தன.

நீர்த்துப்போன புகையில் எவ்வளவு மாற்றம் என்பதை எதை வைத்து அளப்பது? கார்பன் மோனாக்சைடை வைத்து. அது காற்றில் ஓரிரு மாதம் தாக்குப்பிடிக்கும். ஒரு நாள் பயணத்தில் அநேகமாகக் குறையாது. அதனோடு ஒப்பிட்டால், பல புகைத்தாரைகளில் துகள்களின் மொத்த எடை பெரிதாக மாறவேயில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் துகளுக்குள் ஆக்சிஜனின் பங்கு ஏறிக்கொண்டே போயிருந்தது. புகை பரவப் பரவ, துகளிலுள்ள லேசான எண்ணெய்ப் பொருட்கள் ஆவியாகி வெளியேறுகின்றன. வெளியே உள்ள ஆவிகள் ஆக்சிஜனேற்றம் பெற்று, ஆவியாகவே நீடிக்க முடியாமல் துகளில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இறைக்க இறைக்க ஊறும் கிணறுபோல மட்டம் அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் வேறு.

நிறமும் மாறுகிறது. இரவில் நைட்ரேட் துண்டுகள் ஃபீனால்களோடு சேர்ந்து பழுப்பு மஞ்சள் சேர்மங்களை உண்டாக்குகின்றன. பகலில் அந்தப் பழுப்பில் பெரும்பகுதி வெளுத்துவிடும். கொஞ்சம் மட்டும் பிடிவாதமாகத் தங்கும். எந்த உயரத்தில் போகிறது என்பதும் முக்கியம். குளிர்ந்த, வறண்ட மேல்காற்றில் துகள் கண்ணாடிபோல இறுகிவிடுவதால் மேல்தோலில் மட்டுமே வேதிவினை நடக்கும். தாழப் போகும் புகை ஒரு நாளில் வெளுக்கும். உயரப் போனது பல நாள் நிறம் மாறாமல் இருக்கும்.

நுரையீரலுக்கு இதெல்லாம் வெறும் வேதியியல் இல்லை. மூப்படைந்த புகைத்துகள், செல்களை அரிக்கக்கூடிய ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கும் திறனில் புதுப்புகையை மிஞ்சக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. நம் கைபேசிக்கு வரும் காற்றுத்தர எண்ணோ, ஒரு கன மீட்டரில் இத்தனை மைக்ரோகிராம் என்ற எடையிலிருந்து வருவது. அந்த எடையில் இருப்பது சற்றுமுன் பிறந்த புகையா, மூன்று நாள் வெயில் கண்டதா என்று அந்த எண் சொல்வதில்லை. மூச்சுத்திணறல் உள்ள குழந்தையை வெளியே அனுப்பலாமா என்று அதைப் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோரை நினைத்தால், இது சின்னக் குறையாக எனக்குப் படவில்லை.

இந்த மாற்றம் எதுவரை போகும் என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. 2019 டிசம்பர் இறுதியிலும் 2020 ஜனவரியிலும் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா காடுகளின் தீ தானே இடிமேகங்களை எழுப்பியது. அவை ஏறத்தாழ 10 லட்சம் டன் புகையை ஓசோன் படலம் உள்ள அடுக்கு மண்டலத்துக்குள் தள்ளின. பழைய குளிர்பதன வாயுக்கள் விட்டுச்சென்ற குளோரின், அங்கே ஹைட்ரஜன் குளோரைடாகப் பெரும்பாலும் தீங்கில்லாமல் உறங்கிக் கிடந்தது. அது ஆக்சிஜனேறிய புகைத்துகளில் எளிதாகக் கரைந்தது. கரைந்த இடத்தில் வினைபுரிந்து, ஓசோனைத் தின்னும் வடிவத்தில் குளோரின் எழுந்தது. வளிமண்டல வேதியியலாளர் சூசன் சாலமனின் குழு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, தென் அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் ஓசோன் 3 முதல் 5 சதவீதம் குறைந்தது.