ஓசையின்றிப் பதிவாகும் தாளம்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்குக் குரலும் கித்தாரும் எளிதில் வசப்பட்டுவிடுகின்றன. டிரம் மாத்திரம் அவ்வளவு சுலபத்தில் இணங்குவதில்லை. ஸ்நேருக்கென்று வைத்த மைக்கில் ஹைஹேட்டும் சிம்பலும் அழையாமலே வந்து கலந்துவிடுவதால், பிற்பாடு ஸ்நேரை மட்டும் சற்று உயர்த்த எண்ணினால் மற்றவையும் கூடவே உயர்ந்து நிற்கும். அண்டை வீட்டாரின் நித்திரை கெடுவதோ தனி விஷயம்.

எலக்ட்ரானிக் டிரம் இந்தச் சங்கடத்தை வேறொரு மார்க்கத்தில் தீர்க்கிறது. வலைத்துணியாலோ ரப்பராலோ ஆன அதன் தட்டுக்கு அடியில் பீசோ என்னும் சிறிய உணர்வி இருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்று 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த தத்துவத்தின்படி, குச்சி விழுந்த அதிர்ச்சி மின்துடிப்பாகி மாட்யூல் என்னும் பெட்டியை அடைய, அது எந்தத் தட்டு, எவ்வளவு வேகம் என்ற இரண்டையும் மிடி என்னும் பொது முறைப்படி எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. பேஸ் டிரம்முக்கு 36, ஸ்நேருக்கு 38, மூடிய ஹைஹேட்டுக்கு 42 என்பது பொது வழக்கு. அடியின் வேகத்துக்கு 1 முதல் 127 வரை. ஆதி மிடி இணைப்பில் விநாடிக்கு 31,250 பிட் செல்லுமாதலால், ஓர் அடியின் செய்தி ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

போட்டிக் கம்பெனிகளின் யந்திரங்கள் ஒரே பாஷையில் பேச வேண்டுமென்று அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று முயன்றதன் பலனே மிடி. 1983 ஜனவரியில் பிராஃபெட்-600, ஜூபிடர்-6 என்னும் இரு சிந்தசைசர்களை இணைத்து அதைப் பகிரங்கமாக நிரூபித்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அவ்விருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

ஆகவே கணினியில் தங்குவது, வாசித்தவருடைய கையும் காலும் செய்த காரியத்தின் குறிப்பு. ஸ்வரப்படுத்திய கீர்த்தனத்தை வீணையிலும் வாசிக்கலாம், நாகஸ்வரத்திலும் வாசிக்கலாம் என்பது போல, அதே குறிப்பைக் கொண்டு இன்று மரப்பீப்பாய் ஸ்நேரையும், நாளை பித்தளை ஸ்நேரையும் ஒலிக்கச் செய்யலாம். ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் பிரித்து, சரணத்தில் பேஸ் டிரம்மை மட்டும் கனக்கச் செய்யலாம். காலம் தப்பிய ஓர் அடியை நகர்த்தியும் வைக்கலாம். எல்லா அடிகளையும் இம்மி பிசகாமல் கட்டத்தில் நிறுத்திவிட்டால் மட்டும் வாசிப்பின் ஜீவன் போய்விடும். பிழையைப் பாதியளவு திருத்துவதே உசிதம்.

இத்தனை சௌகரியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உணர்வியின் கூர்மையை அளவுக்கு மீறி வைத்துவிட்டால், நடுத்தர அடியும் பலத்த அடியும் ஒன்றுபோல 127 என்றே பதிவாகும். குறைத்து வைத்தாலோ, ஸ்நேரில் குச்சி மெல்ல உருளும் நுண்ணிய அடிகள் அடியோடு காணாமற்போகும். குறிப்பில் ஏறாத பேதத்தை எந்த மென்பொருளும் பின்னால் தேடித் தராதாகையால், பதிவைத் தொடங்குமுன் மெல்லியதும் பலத்ததுமாகச் சிறிது நேரம் வாசித்து, எண்கள் படிப்படியாக ஏறுகின்றனவா என்று திரையில் பார்த்துக்கொள்வதும், மாட்யூலின் ஒலியையும் துணைக்கு ஒரு தடத்தில் பிடித்துவைப்பதும் புத்திசாலித்தனம்.