கோடையிற் சீமைமுயல்

கல்வராயன் மலையடிக் காட்டுமுயல், பகலிற் புதர்நிழலிற் பதுங்கி இரவில் மேய்ந்து, சித்திரை வெயிலைக் கழித்துவிடும். நாம் கூண்டில் வளர்க்கும் சீமைமுயலோ ஸ்பெயின் முதலிய தேயங்களில் நிலத்தடி வளைகளில் வாழ்ந்த குலத்தது. அதன் உடல் வியர்ப்பதில்லை; உட்சூடு பெரிதும் செவிகளின் இரத்தக் குழாய்கள் வழியே கழியவேண்டும். காற்றின் வெப்பம் 30 பாகை செல்சியஸைக் கடந்தால் அவ்வழி போதாது. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசினரின் ஆராய்ச்சி நிலையம் முயல் வளர்ப்பதும் குளிர்ந்த மலைமீதே.

ஆதலின் கள்ளக்குறிச்சித் தரையில் வளர்ப்போர் கூண்டைத் தகரக் கூரையின்கீழ் வைத்தலாகாது. வேப்பமர நிழலில், மேலே ஓலை வேய்ந்து, நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தல் நலம். மேற்குப்புறம் நனைத்த சாக்கைத் தொங்கவிடலாம். காற்றை மட்டும் அடைத்தலாகாது. மண்சட்டியில் நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். உச்சிவேளையில் மடியிலிட்டுக் கொஞ்சுவது அன்பன்று, உபத்திரவமே என்போம். வாய்திறந்து இளைக்குமாயின் செவிகளை ஈரத்துணியால் ஒற்றி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க. குளிர்நீரில் முழுக்குவது கூடாது. அவ்வதிர்ச்சியே உயிரைப் போக்கிவிடும்.