வீட்டுத் தோட்டத்துக்கு சொட்டுநீர்: டிரிப்பர் வாங்குறதுக்கு முன்னாடி டேங்க் உயரத்தைப் பாருங்க!

விழுப்புரம்: கோடையில் திண்டிவனம், மரக்காணம் பக்கம் போனால் தர்பூசணி வயல்களில் கருப்பு பைப் வரிசை வரிசையாக ஓடுவதைப் பார்க்கலாம். நம்ம மாவட்டத்துக்கு சொட்டுநீர் ஒன்றும் புதுசு இல்லை. ஆனால் அதே பைப்பை மாடியில் இருக்கும் 20 தக்காளி, கத்தரிப் பைகளுக்குப் போட்டால் பல வீடுகளில் சொதப்பிவிடுகிறது. முதல் பையில் தண்ணி வழியும், கடைசிப் பை காய்ந்து கிடக்கும். கத்திரி வெயிலில் நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தால் பாதிச் செடி போயிருக்கும்.

பழி பைப் மேலதான் விழும். பெரும்பாலும் கோளாறு பைப்பில் இல்லை, தண்ணீர் அழுத்தத்தில்.

4 லிட்டர் டிரிப்பர் ஏன் 4 லிட்டர் தராது?

டிரிப்பரில் '4 லிட்டர்' என்று போட்டிருந்தால், ஒரு மணி நேரத்துக்கு 4 லிட்டர் சொட்டும் என்று அர்த்தம். ஆனால் அது சுமார் 1 கிலோ அழுத்தத்தில் எடுத்த கணக்கு. அந்த அழுத்தம் தானாகக் கிடைக்க தண்ணீர் 10 மீட்டர், அதாவது 33 அடி உயரத்தில் இருக்கணும். வயலில் மோட்டார் தள்ளுவதால் பிரச்னை இல்லை. வீட்டில்?

மாடிப்படி ரூம் மேல் டேங்க் இருந்தால், மாடியில் இருக்கும் பைகளுக்கும் டேங்க் தண்ணிக்கும் நடுவில் 8 அடி உயரம்தான் இருக்கும். அப்போது அதே டிரிப்பர் மணிக்கு 2 லிட்டர்தான் தரும். மாடித் தரையிலேயே ஸ்டாண்ட் போட்டு டேங்க் வைத்திருந்தால், 3 அடி உயரத்துக்கு 1.3 லிட்டர் வந்தாலே பெரிசு. கீழே வீட்டைச் சுற்றித் தோட்டம் என்றால் கதை வேறு. 18 அடி உயரம் கிடைத்தாலே 3 லிட்டர் வரை வரும்.

உயரம் பாதியானால் தண்ணீர் பாதியாகக் குறையாது, சுமார் 30 சதவீதம்தான் குறையும். அதனால் உயரம் கம்மி என்று பயப்பட வேண்டியதில்லை, ஓடும் நேரத்தைக் கூட்டினால் போதும். ஆனால் 'பிசி டிரிப்பர்' என்று விற்கும் அழுத்தம் சமன் செய்யும் வகையை மாடித் தோட்டத்துக்கு வாங்காதீங்க. விலை அதிகம், இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரியாக வேலையும் செய்யாது. கழற்றிக் கழுவுற மாதிரி இருக்கும் சாதா டிரிப்பரே நல்லது.

என்ன வாங்கணும், எப்படி மாட்டணும்?

ஆன்லைன் கிட் வாங்குவதற்கு முன் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ விவசாய பைப் கடை ஒன்றில் கேட்டுப் பாருங்க. 16 எம்எம் லேட்டரல் பைப், மைக்ரோ டியூப், டிரிப்பர், ஒரு பால் வால்வு, எண்ட் கேப், முக்கால் இன்ச் ஸ்க்ரீன் ஃபில்டர், பைப்பில் ஓட்டை போடும் பஞ்ச். இவ்வளவுதான். பைப் கருப்பாகவே இருக்கட்டும். கண்ணாடி மாதிரி தெரியும் டியூபில் வெயில் பட்டுப் பாசி பிடிக்கும்.

டேங்க் அவுட்லெட்டில் வால்வு, அடுத்து ஃபில்டர், அப்புறம் பைப். ஃபில்டரில் காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் ஒரு மாதத்தில் டிரிப்பர் ஒவ்வொன்றாக ஊசி வைத்துக் குத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பைப்பைச் சுருளிலிருந்து பிரித்து அரை மணி நேரம் வெயிலில் போட்டால் நெளிவு போய் மடங்காமல் வரும். பைகளைச் சுற்றி ஓட்டி, கடைசி முனையைத் திரும்பக் கொண்டுவந்து ஆரம்பத்தில் ஒரு டீ போட்டுச் சேர்த்து வளையமாக்கி விடுங்க. தண்ணி இரண்டு பக்கமிருந்தும் வருவதால் 'கடைசிப் பை' என்று ஒன்று இருக்காது. கழுவி விடுவதற்கு ஒரு இடத்தில் எண்ட் கேப் வைத்தால் போதும்.

பைகள் ஒரே மட்டத்தில் இருக்கணும். 3 அடி உயரத்தில்தான் டேங்க் என்றால், ஒரு தொட்டியை மட்டும் ஒரு அடி ஸ்டாண்டில் தூக்கி வைத்தாலே அதற்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணி குறைந்துவிடும்.

எவ்வளவு நேரம் விடணும்?

டேங்க் பக்கத்தில் இருக்கும் டிரிப்பர், தூரத்தில் இருக்கும் டிரிப்பர் இரண்டுக்கும் கீழே டம்ளர் வைத்து 6 நிமிஷம் ஓட விடுங்க. வந்த தண்ணியை அளந்து 10-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு. 130 மில்லி வந்தால் மணிக்கு 1.3 லிட்டர். கோடையில் நன்றாக வளர்ந்த தக்காளிப் பைக்கு தினமும் ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை வேணும். காலையில் முக்கால் மணி, சாயங்காலம் அரை மணி என்று பிரித்து விட்டால் தேங்காய் நார்க் கழிவு கலந்த பையில் தண்ணி கீழே ஓடாது. மதியம் திறக்கவே வேண்டாம், கருப்பு பைப்புக்குள் நிற்கும் தண்ணி சுடும்.

ராத்திரி வால்வை மூட மறந்தால்? 20 டிரிப்பர், 8 மணி நேரம், 200 லிட்டர். காலையில் குளிக்கத் தண்ணி இருக்காது!

இதற்கு ஒரு எளிய வழி இருக்கு. வீட்டு டேங்கில் இணைக்காமல் தோட்டத்துக்குத் தனியாக மூடி போட்ட சின்ன டிரம் ஒன்றை 3 அடி ஸ்டாண்டில் வைத்து, அன்றைக்கு வேண்டிய 40 லிட்டரை மட்டும் ஊற்றுங்க. தீர்ந்ததும் தானாக நிற்கும். ஊருக்குப் போகிறவர்களுக்குத்தான் டைமர் தேவை. அதிலும் 'பால் வால்வு' வகையா என்று கேட்டு வாங்கணும். சோலனாய்டு வகை பலவும் டேங்க் அழுத்தத்தில் சரியாகத் திறக்காது.

கீழே தென்னை இருந்தால் ஒரு டிரிப்பர் பத்தாது. தண்டிலிருந்து 3 அடி தள்ளிச் சுற்றிலும் நாலு வைக்கணும்.

போர் தண்ணி உப்பா?

பக்கெட்டில் வெள்ளைப் படலம் படிகிற வீடுகளில் டிரிப்பர் வாயிலும் அதே படலம்தான் அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, வினிகரில் ஒரு ராத்திரி ஊற வைத்துக் கழுவினால் கரைந்துவிடும். தண்ணி செடிக்கே ஆகுமா என்ற சந்தேகம் இருந்தால் வேளாண்துறை மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பரிசோதித்துத் தருவாங்க. செடி வளர்ப்பில் வேறு சந்தேகங்களுக்குத் திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு.

மானியம் கிடைக்குமா?

சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதம் என்று சொல்லப்படும் மானியம் விளைநிலத்துக்கு. சிட்டா, அடங்கல் எல்லாம் கேட்பாங்க. மொட்டை மாடிக்கு அது பொருந்தாது. மாடித்தோட்டத்துக்கான திட்டம் அந்த நேரத்தில் ஏதாவது இருக்கா என்று தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கலாம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஐப்பசி மழைக்கே டைமர் ஓடிக்கொண்டிருந்தால் வேர் அழுகிவிடும். மழை தொடங்கியதும் வால்வை மூடி, எண்ட் கேப்பைத் திறந்து தண்ணியை வடித்துவிடுங்க. ஃபில்டரைக் கழற்றிக் கழுவி நிழலில் வைங்க. தை மாதம் திரும்ப மாட்டும்போது முதலில் கேப் இல்லாமல் 5 நிமிஷம் ஓட விட்டால் உள்ளே இருக்கும் எறும்பு, மண் எல்லாம் வெளியே வந்துவிடும். அணில் கடித்த இடம் இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.