'கட்' கிடையாது கண்ணா! 'அடோலசென்ஸ்' செட்டை ஒரு எட்டு பார்த்துட்டு வரலாமா?

விடிந்தும் விடியாத நேரம். போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் பாய்கிறது. மாடி அறையில், விண்வெளிப் படம் போட்ட வால்பேப்பருக்கு நடுவே, 13 வயது ஜேமி மில்லர் பயத்தில் பேன்ட்டை நனைத்துவிடுகிறான். கூடப் படிக்கும் கேட்டியைக் குத்திக் கொன்ற சந்தேகத்தில் கைது! அங்கிருந்து வண்டி, வண்டியிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனில் கைரேகை, ரத்தப் பரிசோதனை, வக்கீல், விசாரணை அறை... ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்த எபிசோடில் கேமரா ஒரு தடவைகூட கண்ணைச் சிமிட்டவில்லை. கவனித்தீர்களா?

நெட்ஃபிளிக்ஸில் 2025 மார்ச் 13 அன்று வெளியான 'அடோலசென்ஸ்' தொடரைப் பார்த்து முடித்ததும் முதலில் தொண்டை அடைக்கும். கொஞ்சம் தெளிந்ததும் வாய் தானாகக் கேட்கும்: "எப்படிய்யா எடுத்தீங்க?" அதைத்தான் இப்போது நோண்டப் போகிறோம். கொலை செய்தது யார் என்பது முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடுவதால், சஸ்பென்ஸ் உடைந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம்.

சமையலறையில் போட்ட பிள்ளையார் சுழி

நாலு எபிசோடு. ஒவ்வொன்றும் ஒரே ஷாட். நடுவில் இருட்டான கதவையோ, யாரோ ஒருவரின் முதுகையோ காட்டி நைஸாக ஒட்டுப் போடும் வேலை இல்லை. பார்த்திபனின் 'இரவின் நிழல்' பார்த்த நமக்கு சிங்கிள் ஷாட் என்றால் என்ன அவஸ்தை என்று ஓரளவு தெரியும். இங்கே அந்த அவஸ்தை நாலு முறை!

பழைய கூட்டாளிகள் மட்டும் இல்லாவிட்டால் இந்த விபரீத ஆசை வந்திருக்காது. இயக்குநர் ஃபிலிப் பாரன்டினி, நடிகர் ஸ்டீஃபன் கிரஹாம், ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸ் மூவரும் சேர்ந்து 2021-இல் 'பாய்லிங் பாயின்ட்' என்ற படம் கொடுத்தவர்கள். ஒரு ரெஸ்டாரன்ட், ஓர் இரவு, ஒரே ஷாட். சமையலறையில் சுட்டுக்கொண்ட கை சும்மா இருக்குமா? அடுத்ததாக ஒரு முழுப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கேமராவை ஓட விட்டுவிட்டார்கள்.

கதையின் விதை கிரஹாமுடையது. பிரிட்டனில் சிறுவர்கள் சிறுமிகளைக் கத்தியால் குத்திய செய்திகள் அவரை உலுக்கியிருந்தன. ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்வியோடு எழுத்தாளர் ஜாக் தோர்னுடன் உட்கார்ந்தார். தயாரிப்பில் கிரஹாமும் அவர் மனைவி ஹன்னா வால்ட்டர்ஸும் நடத்தும் மேட்ரியார்க், வார்ப் ஃபிலிம்ஸ், கூடவே பிராட் பிட்டின் 'பிளான் பி'. ஆமாம், அதே பிராட் பிட்! 2000-இல் வந்த 'ஸ்னாட்ச்' படத்தில் அவரும் கிரஹாமும் சேர்ந்து நடித்தவர்கள். ஹன்னா வால்ட்டர்ஸ் இரண்டாவது எபிசோடில் டீச்சராகவும் தலைகாட்டுகிறார். அடுத்த முறை பார்க்கும்போது கண்டுபிடியுங்கள்.

மூணு வாரம், ஒரு எபிசோடு

கணக்கு இப்படி. ஒரு எபிசோடுக்கு மூன்று வாரம். முதல் வாரம் நடிகர்களுக்கான ஒத்திகை. இரண்டாம் வாரம் கேமராவும் மைக்கும் மற்ற டெக்னிக்கல் ஆட்களும் சேர்ந்துகொள்ளும் ஒத்திகை. மூன்றாம் வாரம் ஷூட்டிங்: நாளுக்கு இரண்டு டேக், ஐந்து நாள், ஆக மொத்தம் பத்து டேக்.

அந்தப் பத்தில் எது ஓகே ஆனது தெரியுமா? முதல் எபிசோடுக்கு இரண்டாவது டேக்! அடுத்தடுத்த எபிசோடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டாவது எபிசோடுக்கு 13-வது டேக், மூன்றாவதுக்கு 11, நான்காவதுக்கு 16. பத்து டேக்தானே திட்டம், 16 எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஏதாவது சொதப்பினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அதுவும் கணக்கில் ஏறிவிடும். யோசித்துப் பாருங்கள், ஐம்பதாவது நிமிடத்தில் வசனம் சொல்ல வேண்டிய நடிகரின் வயிற்றில் எத்தனை பட்டாம்பூச்சி பறந்திருக்கும்!

ஷூட்டிங் நடந்த இடத்தையும் ஒரே ஷாட் என்ற கணக்கை வைத்துத்தான் பிடித்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் என்று நாம் பார்ப்பது, இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷையரில் சவுத் கர்க்பி என்ற ஊரிலுள்ள ஸ்டூடியோவில் போட்ட செட். ஜேமியின் வீடு சில நிமிட கார் பயணத்தில் எட்டிவிடும் தூரத்தில் இருந்தாக வேண்டும். வெட்டு இல்லாத படத்தில் போலீஸ் வண்டி நிஜமாகவே வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓடியாக வேண்டுமே! வீடு தூரமாகப் போனால், பாவம், பையனோடு நாமும் அரை மணி நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கை மாறும் கேமரா

இவ்வளவு ஓட்டத்துக்கும் ஈடுகொடுத்தது டிஜேஐ ரோனின் 4டி என்ற கேமரா. ஆட்டத்தைச் சமன்செய்யும் கருவி அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஆபரேட்டர் நடக்கும்போது வரும் குலுக்கலைக்கூட அது விழுங்கிவிடும். தனியாகப் பெரிய தளவாடம் தேவையில்லை என்பதால், மேத்யூ லூயிஸும் கேமரா ஆபரேட்டர் லீ டேவிட் பிரவுனும் ஓடும் ஷாட்டிலேயே கேமராவைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் காருக்குள் இருந்து நீட்ட, வெளியே நிற்பவர் வாங்கிக்கொண்டு ஓடுகிறார். இரண்டாவது எபிசோடில் ரயன் என்ற பையன் வகுப்பறை ஜன்னல் வழியே குதித்து ஓடுகிறான் அல்லவா? கேமராவும் அதே ஜன்னல் வழியே கை மாறி அவன் பின்னாலேயே பறக்கிறது!

பறக்கிறது என்றதும் நினைவுக்கு வருகிறது, அந்த ட்ரோன் ஷாட்! மின்ஸ்தோர்ப் கம்யூனிட்டி காலேஜ் என்ற நிஜப் பள்ளியில் எடுத்த எபிசோடு அது. கடைசியில், தரையில் நடந்துகொண்டிருந்த கேமராவை ஷாட் ஓடும்போதே ட்ரோனில் மாட்டி மேலே அனுப்பினார்கள். ஊருக்கு மேலே சுமார் அரை கிலோமீட்டர் பறந்து, கேட்டி கொல்லப்பட்ட இடத்துக்கு வந்து, மெல்ல இறங்கியது. கீழே காத்திருந்தவர்கள் அதைப் பிடித்து, கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கேமரா போய் நின்ற இடம், பூங்கொத்தோடு வந்திருக்கும், ஜேமியின் அப்பாவாக நடிக்கும் கிரஹாமின் முகம்! இந்த ஷாட்டுக்குக் காற்று தயவு வைக்காமல் படுத்தியெடுத்தது தனிக் கதை.

அந்தக் காட்சியில் குழந்தைகளின் கோரஸில் ஒலிப்பது ஸ்டிங்கின் 'ஃப்ரஜைல்' பாட்டு. அதில் தனித்துக் கேட்கும் குரல் எமிலியா ஹாலிடேயுடையது. அவர் யார் தெரியுமா? கேட்டியாக நடித்த பெண்ணேதான்! சிசிடிவி பதிவில் மட்டும் மங்கலாகத் தெரியும் அந்தப் பெண் குரலாக வந்து நிற்கிறாள் என்று தெரிந்தபிறகு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். சிலிர்க்கும்.

கொட்டாவிக்கும் ஓர் எம்மி!

இப்போது நம் ஹீரோவுக்கு வருவோம். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பர். வாரிங்டன் ஊர்ப் பையன், ஃபுட்பால் பைத்தியம். காஸ்டிங் இயக்குநர் ஷாஹீன் பெய்க் குழுவினர் ஏறத்தாழ 500 பையன்களைப் பார்த்துவிட்டுப் பிடித்த முத்து. அதற்கு முன் கேமரா முன்னால் நின்று நடித்த அனுபவம்? பூஜ்யம்.

அப்பேர்ப்பட்ட புதுப் பையனுக்கு முதன்முதலில் எந்த எபிசோடை எடுத்தார்கள்? மூன்றாவதை! மனநல நிபுணர் பிரையனியாக வரும் எரின் டோஹர்ட்டியும் அவனும் ஓர் அறைக்குள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்களே, அதேதான். கொஞ்சுவான், சிரிப்பான், அடுத்த நொடி எழுந்து நின்று கத்துவான். நாடக மேடையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே திணறும் விஷயம் அது.

அதில் ஓவன் கொட்டாவி விடுகிற இடம் நினைவிருக்கிறதா? ஸ்கிரிப்டில் கிடையாது! டேக் மேல் டேக் போன களைப்பில் பையனுக்கு நிஜமாகவே கொட்டாவி வந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் பதறியிருப்பார். எரினோ சட்டென்று, நான் பேசுவது உனக்கு போரடிக்கிறதா என்று பாத்திரமாகவே கேட்டுவிட்டார். பையன் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. அதுதான் ஓகே டேக்! 2025 செப்டம்பரில் எம்மி மேடையில் இருவருமே துணைப் பாத்திரத்துக்கான விருதை வாங்கினார்கள். நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களிலேயே மிக இளையவர் என்ற சாதனை ஓவனுக்கு, 15 வயதில்! கிரஹாமுக்குச் சிறந்த நடிகர், பாரன்டினிக்கு இயக்கம், தோர்னுக்கும் கிரஹாமுக்கும் எழுத்து, லூயிஸுக்கு ஒளிப்பதிவு என்று தொடர் மொத்தம் எட்டு எம்மிகளை அள்ளியது.

கடைசி எபிசோடில் ஒரு ரகசியம். மகனின் காலி அறையில் அப்பா எடி உடைந்து அழும் காட்சி. கிரஹாமுக்குத் தெரியாமல் பாரன்டினி ஒரு வேலை செய்திருந்தார். கிரஹாமின் சொந்தப் பிள்ளைகளின் படங்களை, அப்பாவை நினைத்துப் பெருமைப்படுகிறோம் என்ற செய்தியோடு, அந்த அறையில் வைத்துவிட்டார். கதவைத் திறந்து உள்ளே போன மனிதர் அதைப் பார்த்தார். பிறகு நாம் பார்த்த அழுகையில் எது எடியுடையது, எது கிரஹாமுடையது என்று யார் பிரிப்பது?

எமோஜிக்குள் ஒளிந்திருந்த வில்லன்

இந்தத் தொழில்நுட்ப ஜாலமெல்லாம் எதற்காக என்பதையும் பார்த்துவிடுவோம். கதையில் ஜேமியைக் கெடுத்தவன் என்று கைகாட்ட ஒரு தாதா இல்லை. அடிக்கும் அப்பா இல்லை, குடிக்கும் அம்மா இல்லை. அப்படி எந்தச் சுலபமான காரணமும் வரக் கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டார்கள். பிறகு காரணம் என்ன? தோர்னோடு பணியாற்றும் மாரியெல்லா ஜான்சன்தான் இன்செல் உலகத்தைப் பாருங்கள் என்று வழிகாட்டினார். 'பெண்கள் நம்மை ஒதுக்குகிறார்கள், எல்லாம் அவர்கள் குற்றம்' என்று இளவட்டங்களுக்கு ஓதும் அந்த இணைய இடுக்குகளுக்குள் தோர்ன் இறங்கிப் படித்தார். தனியாக இருக்கும் ஒரு பையனுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு கவர்ச்சியாக இருக்கும் என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது.

இத்தனையும் திரையில் வருவது ஒரு குட்டிக் காட்சியாக. ஆஷ்லி வால்ட்டர்ஸ் நடிக்கும் இன்ஸ்பெக்டர் பாஸ்கம்ப், கேட்டி ஜேமியின் இன்ஸ்டாகிராமில் போட்ட எமோஜிகளை நட்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதே பள்ளியில் படிக்கும் அவர் மகன் ஆடம் அப்பாவை ஓரங்கட்டிப் பாடம் எடுக்கிறான். சிவப்பு மாத்திரை என்றால் என்ன, வெடிக்கும் டைனமைட் என்றால் என்ன, 100 என்ற எமோஜி '80 சதவீதப் பெண்கள் 20 சதவீத ஆண்களைத்தான் விரும்புகிறார்கள்' என்ற கதையை எப்படிக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றாக. கொலைக் கேஸைத் துப்பறியும் அதிகாரி, சொந்த மகனிடம் அரிச்சுவடி படிக்கிறார்!

சிங்கிள் ஷாட் இங்கேதான் வேலை செய்கிறது. வெட்டு இல்லையென்றால் நமக்குத் தப்பிக்க வழி இல்லை. பெரியவர்கள் குழம்பி நிற்கும் ஒவ்வொரு நொடியிலும் நாமும் நிற்க வேண்டும். அதே உத்தி ஒரு விலையும் கேட்டது. கேமரா ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்பதால் கேட்டியின் வீட்டுக்குள் நாம் போகவே இல்லை. எழுதியவர்களுக்கு அது தெரியும். எல்லோருக்கும் ஜேமிதான் நினைவிருப்பான், கேட்டி இருக்கமாட்டாள் என்ற புலம்பலை, போலீஸ் அதிகாரி மிஷா ஃபிராங்கின் வாயிலாகத் தங்கள் மேலேயே வைத்துக்கொண்டார்கள்.

தொடர் வந்த 91 நாளில் 14 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. பிரிட்டிஷ் பிரதமர் கியர் ஸ்டார்மர் வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார். மார்ச் 31 அன்று படைப்பாளிகளை டவுனிங் ஸ்ட்ரீட்டுக்கே அழைத்துப் பேசினார். பிரிட்டனின் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தொடர் இலவசமானது.

சரி, இரண்டாம் முறை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ட்ரோன் எப்போது மாட்டப்பட்டது, கேமரா எங்கே கை மாறியது என்று தேடுங்கள், ஜாலியாக இருக்கும். ஆனால் அந்த எமோஜி காட்சி வரும்போது மட்டும் பாஸ் போட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் பதின்வயதுப் பிள்ளையிடம் அர்த்தம் கேளுங்கள். ஆடம் தன் அப்பாவைப் பார்த்த மாதிரி உங்களையும் பாவமாகப் பார்க்கும். பார்க்கட்டும், பாடம் எடுக்கட்டும். நடுவில் 'கட்' மட்டும் சொல்லிவிடாதீர்கள்!