வளையச் சட்டையும் திருச்சிச் சங்கிலியும்

பட்டும் பருத்தியும் உடுத்திய உலகுக்கு உலோகத்தை ஆடையாக்கிக் காட்டியவர் பாரிஸ் ஆடைக் கலைஞர் பாக்கோ ரபான். 1966-இல் தகடுகளைச் சிறு வளையங்களால் கோத்துப் பன்னிரண்டு உடைகளைச் செய்து, ‘அணிய முடியாத ஆடைகள்’ என்று அவரே பெயரும் இட்டார். 1982-இல் இத்தாலியின் ஜியானி வெர்சாச்சே, துணிபோல் மடிந்து விழும் ஓரோட்டான் என்ற உலோக வலையைக் கொண்டு வந்தார். இன்று வளையங்களால் ஆன உடைகளும் அணிகளும் ‘வைக்கிங் பாணி’ என்ற பெயரில் விலைபோகின்றன. வைக்கிங்குகளுக்கும் இவற்றுக்கும் என்ன உறவு?

வளையச் சட்டை அவர்கள் கண்டுபிடித்ததன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கெல்ட்டியரும் ரோமானியரும் அதை அணிந்தனர். ஒவ்வொரு வளையமும் பக்கத்து நான்கு வளையங்களுக்குள் புகுந்து நிற்கும். ஒரு சட்டைக்கு இத்தகைய வளையங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆகவே செல்வர்க்கே அது கிட்டியது. 1943-இல் நார்வேயின் யெர்முண்ட்பூவில் கிடைத்த 10-ஆம் நூற்றாண்டுச் சட்டையே பெயர்பெற்ற சான்று. அதுவும் துண்டு துண்டாகத்தான். திரைப்படங்களில் கப்பல் நிறைய இரும்புச் சட்டைக்காரர்கள் வருவது மிகை என்பேன்.

புராணத்திலோ குறைவில்லை. வீரமங்கை பிரின்ஹில்டின் பெயரிலேயே வளையச் சட்டையைக் குறிக்கும் ‘பிரின்யா’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. ஆயினும் என்னைக் கவர்ந்தது ஃபென்ரிர் என்ற ஓநாயின் கதைதான். ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் அதை எழுதி வைத்தார். தேவர்கள் பூட்டிய இரண்டு விலங்குகளையும் ஓநாய் முறித்தெறிந்தது. பிறகு குள்ளர்கள் மூன்றாவது தளையைச் செய்தார்கள். எவற்றால் தெரியுமா? பூனையின் காலடியோசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில்! பட்டு நாடாபோல் மெல்லிய அது மட்டும் அறவில்லை. பட்டின் மென்மையும் இரும்பை விஞ்சும் வலிமையும் ஒன்றுசேர வேண்டும் என்ற ஆசை அன்றே இருந்திருக்கிறது.

நமக்கு அருகிலுள்ள செய்தி ஒன்றும் உண்டு. வைக்கிங் புதையல்களில் வெள்ளிக் கம்பியால் பின்னிய உருண்டைச் சங்கிலிகள் கிடைத்துள்ளன. ஆங்கில அகழ்வாய்வாளர்கள் இந்த வேலைப்பாட்டுக்கு இட்ட பெயர் ‘டிரிச்சினாப்பொலி’! 19-ஆம் நூற்றாண்டில் நம் திருச்சிராப்பள்ளியின் பொன், வெள்ளிச் சங்கிலிகள் இங்கிலாந்தில் புகழ்பெற்றிருந்தன. தோற்றம் ஒத்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது. திருச்சிக் கொல்லர் கடல் கடந்து வைக்கிங்குகளுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று யாரும் பெருமை பேசிவிட வேண்டாம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி.

இதில் தனித்தனி வளையம் இல்லை. கம்பியை ஒரு கோலைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகப் பின்னுவார்கள். பின்னிய சங்கிலியைத் துளையின் வழியே இழுத்தால் ஒல்லியாகி நீளும். வடிவமும் சீராகும். என் தந்தையார் நகைப் பட்டறையில் கம்பி இழுப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்தவன் நானே முதல்வன். வைக்கிங் சங்கிலியைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே: “இடையில் எத்தனை தடவை காய்ச்சினார்களாம்?” இழுக்க இழுக்க உலோகத்தின் படிக அமைப்பில் குறைகள் பெருகிக் கம்பி விறைத்துப்போகிறது, காய்ச்சினால் புதுப் படிகங்கள் தோன்றி மீண்டும் இளகுகிறது. நான் இதை இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் படித்தேன். அவர் பன்னிரண்டு வயதில் விரலால் அறிந்தார்.